லேப்டாப்பைத் தொட்டால் கரண்ட் அடிக்கிறதா? ராமநாதபுரம் கடலோர வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

சார்ஜர் போட்டிருக்கும்போது லேப்டாப்பின் விளிம்பில் மணிக்கட்டு பட்டால் விர்ரென்று இழுக்கிறது. மூடியை விரலால் மெல்லத் தடவினால் சொரசொரவென்று ஓர் அதிர்வு தெரிகிறது. சார்ஜரைக் கழற்றினால் அடங்கிவிடுகிறது. இப்படியிருந்தால் பெரும்பாலும் லேப்டாப்பில் கோளாறு இல்லை. வீட்டு எர்த் (கசியும் கரண்டைத் தரைக்குள் இறக்கும் இணைப்பு) செத்திருக்கும், அல்லது சார்ஜரிலேயே எர்த் பின் இருக்காது. மதர்போர்டு போய்விட்டது என்று யாராவது சொன்னால் பணத்தை எடுக்கும் முன் சுவரில் உள்ள பிளக் பாயின்ட்டைச் சோதியுங்கள்.

இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடக் கூடாது. அந்த விர்ர் உணர்வு ஆளைக் கொல்லாது. ஆனால் லேப்டாப்புக்கு எர்த் கிடைக்காத வீட்டில் ஃபிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் எர்த் இருக்காது. அவற்றில் கசிவு வந்தால் ஆபத்து வேறு அளவில் இருக்கும்.

எந்த மாதிரி அடிக்கிறது?

தொட்ட கணத்தில் ஒரே ஒரு முறை 'டப்' என்று சுண்டிவிட்டு, மறுபடி தொட்டால் ஒன்றுமில்லை என்றால் அது நிலை மின்சாரம். காற்று வறண்ட ஊர்களில் இது சகஜம். கடற்காற்றின் ஈரத்தில் அந்த மின்னேற்றம் உடம்பில் தங்குவது அரிது. பாம்பனிலோ தொண்டியிலோ இருந்துகொண்டு இதைக் காரணமாக நினைப்பதற்கு முன் மற்றவற்றைச் சரிபாருங்கள்.

தொட்டிருக்கும் வரை விடாமல் விர்ரென்றால் அது கசிவு மின்சாரம். இந்தக் கட்டுரை முக்கியமாக அதைப் பற்றித்தான்.

கை வெடுக்கென்று உதறினாலோ, தசை இறுகிப் பிடித்தாலோ, சார்ஜர் முனையில் பொறி தெரிந்தாலோ, அடாப்டரில் கருகிய வாடை வந்தாலோ அது மூன்றாவது வகை. அப்போது லேப்டாப்பையோ சார்ஜர் வயரையோ தொடாதீர்கள். சுவர் சுவிட்சை அணையுங்கள். சுவிட்ச் நியூட்ரலில் (கரண்ட் திரும்பிப் போகும் வயரில்) மாட்டப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு என்பதால் மெயினையும் இறக்கிவிட்டு, அதன் பிறகு பிளக்கை உருவுங்கள். அந்த சார்ஜர் இனி வேண்டாம். யாராவது கரண்டில் மாட்டிக்கொண்டால் அவரைத் தொடாமல் முதலில் மெயினை அணைத்துவிட்டு 108-ஐ அழையுங்கள்.

பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் கோளாறு தீரும் வரை சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் மட்டும் வேலை பார்க்கட்டும்.

கரண்ட் எங்கிருந்து வருகிறது?

லேப்டாப்புக்குப் போவது 19 அல்லது 20 வோல்ட் டிசி. உலர்ந்த கையில் அது தெரியவே தெரியாது. தெரிவது சுவரில் இருந்து வரும் 230 வோல்ட்டின் ஒரு துளி. அடாப்டருக்குள் மெயின் பக்கத்தையும் லேப்டாப் பக்கத்தையும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பிரித்து வைக்கிறது. அடாப்டர் கிளப்பும் ரேடியோ இரைச்சலை அடக்க, இரு பக்கங்களுக்கும் நடுவே 'ஒய் கெபாசிட்டர்' என்ற சிறு உறுப்பைப் போட்டிருப்பார்கள். பொதுவாக அது 1 முதல் 2.2 நானோ ஃபாரட் வரை இருக்கும். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் 2.2 நானோ ஃபாரட் வழியாகக் கசியக்கூடியது சுமார் 0.16 மில்லி ஆம்பியர். இரண்டு பின் சார்ஜர்களுக்குத் தரக் கட்டுப்பாடு அனுமதிக்கும் அளவு 0.25 மில்லி ஆம்பியர். ஆக, நல்ல சார்ஜரும் கொஞ்சம் கசியும்.

உள்ளங்கையால் முழுசாகப் பிடித்தால் அரை மில்லி ஆம்பியர் வரை பலருக்கு உறைக்காது. மணிக்கட்டின் மெல்லிய தோலில், உலோக விளிம்பு ஒரு புள்ளியாகப் பட்டால் அதைவிடக் குறைவாக இருந்தாலும் உறைக்கும். வியர்வையில் உப்பு இருப்பதால் தோலின் தடை இறங்குகிறது. வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருந்தால் கரண்டுக்குத் தரைவழியும் கிடைத்துவிடுகிறது. மே மாதத்துப் புழுக்கத்தில் அதிகமாக அடிப்பதற்கு இதுவே போதுமான காரணம். காலைத் தூக்கி பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்தால் உணர்வு மறைந்துவிடும். அதனால் கோளாறு தீர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம், தரைவழி மட்டும்தான் அடைபட்டிருக்கிறது.

மூன்று பின் அடாப்டரில் இந்தக் கசிவு எர்த் வழியாக இறங்கிவிட வேண்டும். எர்த் இல்லாவிட்டால் லேப்டாப்பின் உடல் மெயின் வோல்டேஜில் ஏறக்குறைய பாதியில் மிதக்கும், அதாவது 115 வோல்ட் அளவில். மேசைக் கணினிக்கும் லேசர் பிரிண்டருக்கும் அனுமதிக்கப்பட்ட கசிவு 3.5 மில்லி ஆம்பியர் வரை போகும். அதனால்தான் எர்த் இல்லாத பாயின்ட்டில் மேசைக் கணினியின் தகரப் பெட்டி லேப்டாப்பைவிடச் சுரீரென்று அடிக்கிறது.

சோதிக்கும் வரிசை

முதலில் சார்ஜரைக் கழற்றி, மவுஸ், எச்டிஎம்ஐ, நெட் கேபிள் எல்லாவற்றையும் உருவிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். அடி நின்றுவிட்டால் வழி சார்ஜர் பக்கம் போகிறது. ஒன்றுமே மாட்டாமலும் விடாமல் அடித்தால் லேப்டாப்பை விட்டுவிட்டு நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். ஷாக் என்பது இரண்டு பொருட்களுக்கு நடுவே நடப்பது. இரும்புக் கட்டில், இரும்பு மேசை, பீரோ, மழையில் நனைந்த சுவர் இவற்றில் ஏதோ ஒன்றில் கரண்ட் ஏறியிருக்கலாம். அது லேப்டாப் கசிவைவிடப் பன்மடங்கு ஆபத்து. மெயினை இறக்கிவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அடுத்து, கேபிள்களை ஒவ்வொன்றாக மாட்டுங்கள். டிவியோடு இணைத்தால் மட்டும் அடிக்கிறது என்றால் டிவியின் கசிவும் கேபிள் டிவி வயரில் வரும் கசிவும் லேப்டாப்பின் கசிவோடு கூடிக்கொள்கின்றன. இரண்டு, மூன்று கருவிகளின் கசிவு சேர்ந்தால் உறைக்காதது உறைக்க ஆரம்பிக்கும்.

இனி பிளக்கைப் பாருங்கள். இரண்டு பின்னா, மூன்று பின்னா? மூன்று பின் பிளக்கை இரண்டு பின் மாற்றியில் செருகியிருந்தால் எர்த் அங்கேயே அறுந்துவிட்டது. மேல் பின்னை வெட்டியிருந்தாலும் அப்படித்தான். அந்த மேல் பின் மற்ற இரண்டையும்விடத் தடிமனாகவும் நீளமாகவும் இருப்பது, செருகும்போது எர்த் முதலில் தொடவும் உருவும்போது கடைசியாக விடவும்தான். அதை வெட்டுவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சந்தேகியுங்கள். முகப்பில் மூன்று ஓட்டை இருக்கும், உள்ளே இரண்டு வயர்தான் ஓடும். சுவரில் இருந்து உருவிவிட்டு பின்பக்கத் திருகுகளைக் கழற்றிப் பாருங்கள். பச்சை அல்லது பச்சை-மஞ்சள் வயர் ஒன்று மேல் ஓட்டைகளின் தகட்டில் இணைந்திருக்க வேண்டும். மலிவான லேப்டாப் பவர் கார்டுகளிலும் இதே ஏமாற்று உண்டு. மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் (வயர் அறுபடாமல் இருந்தால் ஒலிக்கும் நிலையில்) வைத்து, பிளக்கின் மேல் பின்னில் ஒரு முனையையும் அடாப்டரில் செருகும் பக்கத்தின் எர்த் ஓட்டையில் மறு முனையையும் வையுங்கள். பீப் சத்தம் வர வேண்டும். வராவிட்டால் அந்த கார்டைத் தூக்கிப் போடுங்கள். கார்டு நன்றாக இருந்தால் அடாப்டரின் எர்த் பின்னுக்கும் லேப்டாப்பில் செருகும் முனையின் வெளி உலோகத்துக்கும் தடையை அளந்து பாருங்கள். பெரும்பாலான கம்பெனி அடாப்டர்களில் பூஜ்யத்துக்குப் பக்கத்திலோ, ஆயிரம் ஓம் அளவிலோ காட்டும்.

பிறகு, எர்த் உறுதியாக இருக்கும் வேறொரு கட்டடத்தில் அதே லேப்டாப்பை அதே சார்ஜரோடு போட்டுப் பாருங்கள். அங்கே அடிக்கவில்லை என்றால் தீர்ப்பு தெளிவு.

டெஸ்டரும் மல்டிமீட்டரும்

டெஸ்டரை லேப்டாப்பில் வைத்துப் பார்த்து, எரிகிறது என்று பதறுபவர்கள் உண்டு. நியான் டெஸ்டர் எரிய மிகச் சிறிய கரண்டே போதும். ஆபத்தில்லாத கசிவுக்கும் எரியும், ஆளைக் கொல்லும் பேஸுக்கும் (கரண்ட் வரும் வயருக்கும்) எரியும். இரண்டையும் பிரித்துச் சொல்ல அதற்குத் தெரியாது.

மல்டிமீட்டரில் சிவப்பு வயரை வோல்ட் துளையில் மாட்டுங்கள். 10 ஆம்பியர் துளையில் மாட்டிவிட்டு சாக்கெட்டில் வைத்தால் ஷார்ட் ஆகி முகத்துக்கு நேரே வெடிக்கும். டயலை ஏசி 600 அல்லது 750-ல் வையுங்கள். சாக்கெட்டை நேராகப் பார்த்தால் வலப்பக்கம் பேஸ், இடப்பக்கம் நியூட்ரல், மேலே எர்த். முனையை வைக்கும்போது விரல் உலோகத்தைத் தொடக் கூடாது, கை உலர்ந்திருக்க வேண்டும், காலில் செருப்பு வேண்டும். பழக்கமில்லாதவர்கள் மூன்று விளக்குள்ள சாக்கெட் டெஸ்டரை வாங்கிச் செருகிப் பார்க்கலாம். எர்த் அறுந்திருந்தால் அது காட்டிவிடும். எர்த்தின் தரத்தை அது சொல்லாது. நியூட்ரலும் எர்த்தும் இடம் மாறியிருந்தாலும் அதற்குத் தெரியாது.

பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 220 முதல் 240 வரை வர வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. அங்கே 60, 90, 130 என்று அலைந்தால் எர்த் வயர் எங்கோ அறுந்து தொங்குகிறது. 230 வந்தாலும் எர்த் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். மீட்டர் இழுக்கும் கரண்ட் அற்பம், துருப்பிடித்த எர்த்தும் அதற்குப் போதும்.

நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 0 முதல் 3 வோல்ட் வரை இருப்பது இயல்பு. 10 வோல்ட்டுக்கு மேல் போய், வீட்டு விளக்குகளும் ஏறி இறங்கி எரிந்தால் நியூட்ரல் எங்கோ லூசாக இருக்கிறது. கம்பத்துப் பக்கமாக இருக்கலாம். உடனே மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ஐ அழையுங்கள். இன்னொரு சோதனை: இஸ்திரிப் பெட்டியைப் போட்டுவிட்டு அதே சுவிட்ச் போர்டில் உள்ள மற்றொரு சாக்கெட்டில் நியூட்ரல்-எர்த் அளவைப் பாருங்கள். சுமை ஏறும்போது அது சற்றே உயர வேண்டும். அசையாமல் 0.0 என்றே நின்றால் சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

இந்த இணைப்பு மிக மோசமான குறுக்குவழி. போட்டவுடன் லேப்டாப் அடிப்பது நின்றுவிடும், வீட்டுக்காரருக்கும் சந்தோஷம். ஒரு நாள் நியூட்ரல் அறுந்தால் முழு 230 வோல்ட்டும் ஃபிரிட்ஜ் கதவிலும் வாஷிங் மெஷின் உடலிலும் வந்து நிற்கும். அதைக் கண்டால் அன்றைக்கே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

பல்பை பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே போட்டு எர்த் பார்ப்பதும் வீட்டில் செய்யக் கூடாத வேலை. எர்த் செத்திருந்தால் அந்த பல்ப் வழியாக பேஸ், எர்த் வயர் முழுக்க ஏறி, வீட்டிலுள்ள எல்லா உலோக உடல்களையும் உயிரோட்டமாக்கிவிடும். அந்நேரம் குழந்தை ஃபிரிட்ஜைத் தொட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அடிகுழாயிலோ குழாய்த் தண்ணீர்க் கம்பியிலோ எர்த் கட்டுவதும், லேப்டாப் திருகில் இருந்து தனி வயர் இழுத்து எர்த்தில் சொருகுவதும் இதே காரணத்துக்காகக் கூடாது. மற்றொரு கருவியின் கோளாறு அந்த வயர் வழியாக உங்கள் கைக்கே வந்து சேரும்.

கடலோரத்தில் எர்த் ஏன் சாகிறது?

மணல்தான் முதல் காரணம். உலர்ந்த மணல் கரண்டை ஏறக்குறைய கடத்தாது. மேட்டு மணலில் ஆழமில்லாமல் இறக்கிய எர்த் பைப் மழைக்காலத்தில் வேலை செய்யும், கோடையில் கைவிட்டுவிடும். உப்பு இரண்டாவது. ஈரமான உப்பு மண் கரண்டை நன்றாகக் கடத்தும், ஆனால் இரும்பைத் தின்றுவிடும். பைப்பின் மேல்முனையில் வயரைப் பிடித்திருக்கும் போல்ட்தான் முதலில் போகும். அதிலும் செம்பு வயரை அப்படியே துத்தநாகம் பூசிய பைப்பில் சுற்றியிருந்தால் இரண்டு உலோகங்களுக்கு நடுவே அரிப்பு வேகமாகும். பார்த்தால் வயர் சுற்றியபடியே இருக்கும். உள்ளே துருப் படலம்தான் தொட்டுக்கொண்டிருக்கும்.

எர்த் குழியைத் திறந்து முதலில் இந்த இணைப்பைப் பாருங்கள். பல வீடுகளில் முழு எர்த்தையும் மாற்ற வேண்டியிருக்காது. மெயினை இறக்கி, கம்பி பிரஷ்ஷால் உலோகம் தெரியும் வரை தேய்த்து, ஈயம் பூசிய லக் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) போட்டு, துருப்பிடிக்காத ஸ்டீல் போல்ட்டால் இறுக்கி, மேலே கிரீஸ் தடவினால் சரியாகிவிடும். இதை எலெக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். வேறு வீட்டுக் கசிவு நியூட்ரல் வழியாகத் திரும்பி வந்து எர்த் வயரில் நிற்கலாம் என்பதால், கழற்றும் முன் அதில் வோல்டேஜ் இருக்கிறதா என்று அளந்துவிட்டே தொட வேண்டும்.

புது எர்த் போடுவதானால் 2.5 மீட்டருக்குக் குறையாத பைப் அல்லது செம்பு பூசிய ராடு, சுவரில் இருந்து குறைந்தது 1.5 மீட்டர் தள்ளி. அடிமுனை வருடம் முழுக்க ஈரம் இருக்கும் மண்ணைத் தொட வேண்டும். இரண்டரை மீட்டரில் ஈரம் தட்டாவிட்டால் இன்னும் கீழே போகச் சொல்லுங்கள். குழியில் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போடுவது உள்நாட்டு வழக்கம். கடலோரத்தில் உப்பு ஏற்கெனவே மண்ணில் இருக்கிறது, மேலும் போடுவது பைப்பின் ஆயுளைத்தான் குறைக்கும். அதற்குப் பதில் பென்டனைட் என்ற களிமண் பொடியோ, கண்மாய்க் களிமண்ணோ போட்டு நிரப்பினால் மணல் விடுகிற ஈரத்தை அது பிடித்துவைக்கும்.

சாக்கெட்டுகளும் உப்புக் காற்றில் போகும். பித்தளைப் பிடியில் பச்சைக் களிம்பு ஏறி எர்த் தொடாமல் இருக்கும். செருகிய பிளக் ஆடினால், சூடானால், துளையோரம் கறுத்திருந்தால் தேய்த்துப் பார்க்காமல் ஐஎஸ்ஐ முத்திரையுள்ள புது சாக்கெட் போடுங்கள். போடும்போது பழைய சாக்கெட்டின் எர்த் திருகில் வயர் இருந்ததா என்று பாருங்கள். காலியாக இருப்பது அபூர்வம் அல்ல.

ஆர்.சி.சி.பி. அவசியம்

ஆர்.சி.சி.பி. என்பது கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச். மணலில் எவ்வளவு நல்ல எர்த் போட்டாலும் அதை மட்டும் நம்ப முடியாது. கணக்கு இதுதான். எர்த் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜ் உடலில் பேஸ் பட்டால் ஓடும் கரண்ட் சுமார் 11 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்) அதற்கு விழாது. உடல் உயிரோட்டமாகவே நிற்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் எர்த் தடை ஆயிரம் ஓமைத் தாண்டியிருந்தாலும் விழுந்துவிடும். ஒரு பேஸ் இணைப்புள்ள வீட்டுக்கு இரண்டு போல், 25 அல்லது 40 ஆம்பியர், உணர்திறன் 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டு வாங்குங்கள். 100, 300 மில்லி ஆம்பியர் வகைகள் ஆளைக் காப்பாற்ற ஏற்றவை அல்ல.

லேப்டாப்பின் விர்ர் உணர்வுக்கு இது விழாது, அந்தக் கசிவு அவ்வளவு சிறியது. மாட்டியவுடன் அடிக்கடி விழுந்தால், நியூட்ரல்-எர்த் குறுக்கிணைப்போ, இன்வெர்ட்டர் நியூட்ரல் மெயின் நியூட்ரலோடு கலந்திருப்பதோ காரணமாக இருக்கலாம். அதைத் தேடிப் பிரிக்க வேண்டும். ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுத்துவிட எலெக்ட்ரீஷியனை அனுமதிக்காதீர்கள். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் லேப்டாப் அதிகம் அடித்தால், அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கலாம். அதன் கூரான அலைகள் கெபாசிட்டர் வழியாகக் கூடுதலாகக் கசியும். சைன் வேவ் இன்வெர்ட்டரில் இது குறையும்.

இரண்டு பின் சார்ஜர் என்றால்

சி டைப் சார்ஜர்களில் பெரும்பாலானவை இரண்டு பின்தான். வீட்டு எர்த் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவற்றுக்குப் பயனில்லை. சில சார்ஜர்களில் பிளக்கைத் திருப்பிச் செருகினால் உணர்வு குறையும், செலவில்லாமல் பார்த்துவிடலாம். தொந்தரவு அதிகமானால் அதே வாட், அதே வோல்ட் அளவுள்ள மூன்று பின் சார்ஜருக்கு மாறுங்கள். அதுவரை பேட்டரியில் வேலை, ஓய்வில் சார்ஜ் என்று பிரித்துக்கொள்ளலாம், அல்லது தனி விசைப்பலகை மாட்டிக்கொள்ளலாம்.

டூப்ளிகேட் சார்ஜரில்தான் உண்மையான பயம். தரமான ஒய் கெபாசிட்டர் கெட்டால் திறந்துகொள்ளும்படி செய்யப்பட்டது. அந்த இடத்தில் சாதாரண கெபாசிட்டரைப் போட்டிருந்தால் அது ஷார்ட் ஆகி மெயின் நேராக லேப்டாப் உடலுக்கு வரலாம். அரசு கொடுத்த பழைய மடிக்கணினிகளுக்கு மாற்று சார்ஜர் தேடும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அடாப்டரின் லேபிளில் ஐஎஸ் 13252 என்ற தர எண்ணோ அதன் பின் வந்த 62368 எண்ணோ இருக்கும், கூடவே ஆர் எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்கும். கடையில் நின்றபடியே பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

அடாப்டரைத் திறந்து சரிசெய்ய முயல வேண்டாம். உள்ளே உள்ள பெரிய கெபாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டிசி, பிளக்கை உருவிய பிறகும் தங்கியிருக்கக்கூடும். ஈரத் தரையிலும் கடல் பார்த்த ஜன்னல் ஓரத்திலும் அதை வைக்காதீர்கள்.

வேலை முடிந்த பின் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். மூன்று பின் சார்ஜர் போட்ட லேப்டாப்பின் உலோகத்துக்கும் சாக்கெட் எர்த்துக்கும் நடுவே முன்பு 80, 110 என்று காட்டிய மீட்டர் இப்போது ஓரிரு வோல்ட்டுக்குள் இறங்கியிருக்க வேண்டும். எர்த் தடையை எர்த் மீட்டரால் அளக்க எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடும்போது, வாடைக்காற்று மழை கொட்டும் நவம்பரிலோ டிசம்பரிலோ கூப்பிடாதீர்கள். ஊறிய மணலில் எந்த எர்த்தும் நன்றாகவே காட்டும். மே கடைசியில் மணல் காய்ந்து கிடக்கும்போது அளக்கச் சொல்லி, 5 ஓமுக்குள் வந்தால் நிம்மதியாக விடுங்கள். அதைத் தாண்டினால் இரண்டாவது ராடு ஒன்றை முதல் ராடின் நீளத்துக்காவது தள்ளி இறக்கி இரண்டையும் இணைத்துவிடுங்கள்.